பேசினெட் சீட் எப்படி? தக்கலையிலிருந்து டப்ளின் வரை கைக்குழந்தையோடு ஒரு அப்பன்

பேசினெட் சீட் என்பது எதிரே உள்ள சுவரில் கைக்குழந்தைக்கு ஒரு சின்னத் தொட்டில் மாட்டித் தருகிற விமான சீட். அதைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: பிள்ளை அதில் தூங்குமா? என் மகள் தூங்கவில்லை. எட்டு மணி நேரப் பயணத்தில் கொஞ்ச நேரம் கண் அசந்தாள், அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் என் மடி, என் தோள், விமானத்தின் நடைபாதை. ஆனாலும் அந்த சீட்டுக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் தாராளமாகக் கொடுப்பேன். தனியாகப் போகிறவருக்கு அது பிள்ளையைத் தூங்க வைக்கிற சாமான் இல்லை, பிள்ளையை இறக்கி வைக்க ஒரு இடம். இரண்டு கையும் சும்மா இருக்கிற பத்து நிமிஷம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்குப் புரியாது.

விமான நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவில் இறக்கி, வேறு விமானத்தில் ஏற்றி ஐரோப்பா கொண்டு போகிற நிறுவனங்களில் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். நான் எழுதுவது சீட்டைப் பற்றியும், அதைச் சுற்றிக் கிடைத்த, கிடைக்காத உதவிகளைப் பற்றியும்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஏசி மெக்கானிக். மனைவி டப்ளினில் நர்ஸ். பிரசவத்துக்கு ஊருக்கு வந்தவள், அங்கே சட்டப்படி கிடைக்கிற 26 வார விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பிள்ளைக்கு விசா வர நாளானது. வந்தபோது மகளுக்கு எட்டு மாதம், கொண்டு சேர்க்க ஆள் நான். நர்ஸைக் கட்டி வெளிநாடு போன ஆண்கள் நம்ம ஜில்லாவில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் ஆம்பிளை ஒருத்தன் பெண்துணை இல்லாமல் கைக்குழந்தையைக் கொண்டு போகிறான் என்றதும் கருங்கலிலிருந்து குலசேகரம் வரை உள்ள அத்தனை சொந்தக்காரர்களும் போன் போட்டு யோசனை சொன்னார்கள். அதில் உருப்படியான யோசனை எது, தள்ள வேண்டியது எது என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில் டிக்கெட். இரண்டு வயது நிரம்பாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனால் சர்வதேச விமானங்களில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் போல்தான் வாங்குவார்கள், வரி தனி. பல நிறுவனங்கள் பிள்ளைக்கென்று 10 கிலோ சாமானும், மடக்குகிற தள்ளுவண்டி ஒன்றும் கூடுதலாக விடுகின்றன. பேசினெட் மாட்டுகிற வரிசை என்பது எதிரே சுவர் உள்ள முன்வரிசை. கால் நீட்ட இடம் இருப்பதால் அதே சீட்டைக் கூடுதல் காசுக்கு மற்றவர்களுக்கும் விற்கிறார்கள். அதனால் டிக்கெட் போட்ட கையோடு போன் செய்து பிள்ளையின் வயது, எடை எல்லாம் சொல்லிக் கேட்டு வைக்க வேண்டும். ஒரு விமானத்தில் இத்தனை தொட்டில்தான் என்று கணக்கு உண்டு. முதலில் கேட்டவருக்கே கிடைக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு, இது எனக்குப் பிடித்த விஷயம். தலைக்கு மேலிருந்து விழுகிற ஆக்சிஜன் மாஸ்க், சேர்ந்தாற்போல் இருக்கிற சீட்டுகளின் எண்ணிக்கையைவிடப் பெரும்பாலும் ஒன்றுதான் கூடுதலாக இருக்கும். அந்த ஒன்று மடிக் குழந்தைக்கு. அதனால்தான் ஒரே சீட்டுத் தொகுதியில் இரண்டு கைக்குழந்தைகளை உட்கார விடமாட்டார்கள். செக்-இன் கவுண்டரில் நம்மை இடம் மாற்றினால் பல நேரம் காரணம் இதுதான், யாரும் நம்மேல் வன்மம் வைத்து மாற்றுவதில்லை.

போனில் பேசியவர் இரண்டு விமானத்திலும் பேசினெட் உறுதி என்றார். குறுஞ்செய்தியும் வந்தது. திருவனந்தபுரம் கவுண்டரில் போய் நின்றால், முதல் விமானத்தில் அந்த வசதியே கிடையாது என்கிறார் அங்கே இருந்த பெண். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இல்லாத வசதியை உறுதி என்று எழுதிக் கொடுத்த கஸ்டமர் கேர்மேல்தான் எனக்குக் கோபம். ஐந்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான். நீங்கள் போன் பேச்சை நம்பி இருக்க வேண்டாம். டிக்கெட்டில் விமானத்தின் வகை போட்டிருக்கும். ஏ320, 737 என்று இருந்தால் நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானம், தொட்டில் பெரும்பாலும் இராது. 777, 787, ஏ330, ஏ350 என்று இருந்தால் இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம், இருக்கும். தேதி இரண்டு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்றால் இரண்டு கட்டமும் பெரிய விமானமாக வருகிற நாளைப் பார்த்துப் போடுங்கள்.

தக்கலையிலிருந்து விமான நிலையம் ஐம்பது கிலோமீட்டர் போல வரும். முன்பெல்லாம் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலை நினைத்தே ஒரு மணி நேரம் கூட்டிப் போட்டுக் கிளம்புவோம். காரோடு என்ற ஊர் வரை பைபாஸ் வந்த பிறகு கேரள எல்லை தாண்டினால் கார் நேரே ஓடுகிறது. நமக்கு மார்த்தாண்டம் மேம்பாலம் தாண்டுகிற வரைதான் எரிச்சல். எனக்கு விடியற்காலை விமானம் என்பதால் அதுவும் இல்லை. மாலை விமானம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், விமான நிலையத்தின் ஓடுபாதை வழியாகத்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்றைக்குச் சில மணி நேரம் ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. சாமி போகட்டும், நியாயம்தான். ஆனால் கைக்குழந்தையோடு அந்த நாளில் போய் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பாதுகாப்புச் சோதனையில் பிள்ளையை வண்டியிலிருந்து எடுத்து, வண்டியை மடக்கி எக்ஸ்ரேயில் விட வேண்டும். ஒற்றைக் கையால் மடக்க முடியாத வண்டி தனியாள் பயணத்துக்கு ஆகாது. கடையில் வாங்கும்போதே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மடக்கிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். 100 மில்லி திரவக் கட்டுப்பாடு பிள்ளையின் பாலுக்கும் சாப்பாட்டுக்கும் பொருந்தாது, வழிக்குத் தேவையான அளவு விடுவார்கள். தனியாக எடுத்துக் காட்டினால் போதும். பிளாஸ்க்கைக் காலியாகக் கொண்டு போய், உள்ளே சாயாக் கடையில் வெந்நீர் வாங்கிக்கொண்டேன்.

முதல் விமானம் நாலு மணி நேரத்துக்கு மேல். தொட்டில் இல்லாத சாதாரண சீட். மடிப் பிள்ளைக்கு ஒரு குட்டி பெல்ட் தருவார்கள். அதில் உள்ள வளையத்துக்குள் நம் பெல்ட்டை விட்டு, அப்புறம் குட்டி பெல்ட்டைப் பிள்ளையின் வயிற்றைச் சுற்றிப் போட வேண்டும். கங்காரு பையில் நெஞ்சோடு கட்டியிருந்தாலும் விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பல நிறுவனங்களில் அவிழ்க்கச் சொல்வார்கள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அதற்காக எழுப்பியதுதான் அந்த விமானத்தில் நடந்த முதல் கச்சேரி.

நான் உட்கார்ந்திருந்தது நடு சீட். ஜன்னல் பக்கம் குளச்சல் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிற ஒரு அண்ணன். ஐம்பது வயது இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கழிப்பறை போக வேண்டிய நெருக்கடி வந்து, பிள்ளையையும் கொண்டு எப்படிப் போவது என்று நான் திருகிக்கொண்டிருக்கும்போது, கையை நீட்டினார்.

"தா மக்களே, நான் வச்சுக்கிடுதேன். பைய போயிட்டு வா. எனக்கு மூணு உண்டு."

திரும்பி வந்தபோது பிள்ளை அவருடைய சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டு சமத்தாக இருந்தது. இந்த உதவியை எந்த நிறுவனமும் டிக்கெட்டில் சேர்க்க முடியாது. ஆனால் பணியாளர்களிடம் கேட்டால் அவர்களும் ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்வார்கள் என்று எண்ணி வரவேண்டாம். அது அவர்கள் வேலையில்லை. மனமும் நேரமும் இருந்தால் செய்வார்கள். சாப்பாட்டு வண்டி ஓடுகிற நேரத்தில் கேட்டுப் பயனில்லை.

காது வலி பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். ஏறும்போது அவ்வளவு தொல்லை இல்லை, இறங்கும்போதுதான். பறக்கிற நேரத்தில் கேபினுக்குள் காற்றழுத்தத்தை ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். அதாவது கொடைக்கானலில் இருக்கிற அளவு. கீழே வர வர அழுத்தம் கூடும். காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் உள்ள சின்னக் குழாய் திறந்தால்தான் அது சமனாகும். எச்சிலை விழுங்கு என்று எட்டு மாதப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? பால் குடித்தால் தானாகத் திறக்கும். தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்கு ஒரு பாட்டில் பால் கையில் இருக்க வேண்டும், பிள்ளைக்குக் குடிக்கிற அளவு பசியும் இருக்க வேண்டும். அழுகிறதே என்று பத்து நிமிஷம் முன்னால் வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் இறங்கும்போது வாயைத் திறக்காது. இதை மனைவி டப்ளினிலிருந்து வாட்ஸ்அப்பில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டிருந்தது. நடந்தது. அழுகை கொஞ்சம் இருந்தது, பயந்த அளவு இல்லை.

வளைகுடா விமான நிலையத்தில் இறங்கியதும் வண்டியைத் தேடினால், அது நேரே டப்ளினுக்குப் போய்விட்டது என்றார்கள். திருவனந்தபுரத்தில் விமானத்தின் வாசல் வரை தள்ளிப் போய்க் கொடுத்த வண்டி அது. வாசலில் கொடுத்தால் வாசலில் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்புதான், ஆனால் இடத்துக்கு இடம் வழக்கம் வேறு. கொடுக்கும்போதே கட்டுகிற அட்டையில் எந்த ஊர் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். இறுதி ஊர் பெயர் இருந்தால் நடுவில் வண்டி கிடையாது. கங்காரு பை மட்டும் இல்லை என்றால் என் பாடு திண்டாட்டம். நாகர்கோவிலில் வாங்கிய சாதாரணப் பைதான், இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். தோள்பட்டை அகலமாகவும், இடுப்புப் பட்டை தடிமனாகவும் இருக்கிறதைப் பார்த்து வாங்கினேன். எட்டு கிலோ எடை தோளில் இறங்காமல் இடுப்பில் நிற்க வேண்டும், அதுதான் அந்தப் பையின் முழு வித்தை. வண்டியா பையா, இரண்டில் ஒன்றுதான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பை என்பேன்.

டயபர் மாற்றுகிற இடம் எனக்கு ஒரு பெரிய குறை. ஒரு இடத்தில் மாற்றுகிற மேடை பெண்கள் கழிப்பறைக்குள் மட்டும்தான் இருந்தது. துப்புரவுப் பணியில் இருந்த அம்மாள் என்னையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலிக்காரர்களுக்கான அறையைத் திறந்துவிட்டார். இனி கட்டுகிற எந்தக் கட்டடத்திலும் இதை அப்பன்மாரும் நுழைகிற இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். பிள்ளை யார் கையில் இருக்கும்போது நனைக்கும் என்று அதற்கு என்ன தெரியும்.

இப்போது இரண்டாம் விமானம், அதாவது நான் விமர்சனம் எழுத வந்த சீட்.

சுவரில் இரண்டு சின்ன மூடிகள் இருக்கும். விமானம் மேலே போய் பெல்ட் விளக்கு அணைந்த பிறகு பணிப்பெண் வந்து மூடிகளைத் திறந்தார். தொட்டிலின் பின்பக்கம் இருந்த இரண்டு கம்பிகளை உள்ளே சொருகி, ஒரு பின்னை அழுத்த, டக்கென்று பூட்டிக்கொண்டது. தொழில் புத்தி சும்மா இருக்குமா, நானும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஏசி அவுட்டோர் யூனிட் மாட்டுகிற ஆங்கிள் போல அசையாமல் நின்றது. உள்ளே மெல்லிய மெத்தை, மேலே பிள்ளை எழுந்துவிடாமல் இழுத்து ஒட்டுகிற வலைத்துணி. எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பலவற்றில் 10 அல்லது 11 கிலோ. என் மகள் எடையில் தப்பித்தாள், நீளத்தில் கால் முட்டத் தொடங்கிவிட்டது. உட்காரவும் தவழவும் பழகிய பிள்ளைக்கு இது சிறை. மூன்று நாலு மாதப் பிள்ளைக்குத்தான் சரியான சாமான். அந்த வயதில் கொண்டு போகிறவர்களுக்குப் பிள்ளை நன்றாகவே தூங்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பெல்ட் விளக்கு. விமானம் குலுங்கி விளக்கு எரிந்தால் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் பெல்ட் போட வேண்டும், பெரும்பாலான நிறுவனங்களில் இது கண்டிப்பு. துருக்கிக்கு மேலே பறக்கும்போது அரும்பாடு பட்டுத் தூங்க வைத்துத் தொட்டிலில் கிடத்தி, வலையை ஒட்டி, நான் மூச்சு விடுவதற்குள் மணி அடித்து விளக்கு எரிந்தது. எடுத்தேன், எழுந்தது, அழுதது. சரி, தலையெழுத்து என்று நடைபாதையில் நடக்கவும் முடியாது, நானும் பெல்ட் போட வேண்டுமே. அந்தக் கால் மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த தாலாட்டு எல்லாம் தீர்ந்து, கடைசியில் கம்பரசர் பாகங்களின் பெயரை ராகத்தில் பாடினேன். அதற்குத்தான் அடங்கினாள்.

சுவர் வரிசைக்கென்று சில தொல்லைகள் உண்டு. முன்னால் சீட் இல்லாததால் அதன் அடியில் பை வைக்க இடமில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாச் சாமானும் மேலே போய்விடும். இறங்கும்போது கொடுக்க வேண்டிய பால் பாட்டில், ஒரு டயபர், துணி, கிலுகிலுப்பை, இவற்றை மட்டும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள்ளிருந்து வரும், அதனால் கைப்பிடியை மேலே தூக்க முடியாது. பக்கத்து சீட் காலியாகக் கிடைத்தாலும் பிள்ளையைக் கிடத்த முடியாது. கழிப்பறையும் பணியாளர்கள் சாப்பாடு எடுக்கிற இடமும் பக்கத்திலேயே இருப்பதால் திரை விலகும்போதெல்லாம் வெளிச்சம் அடிக்கும், தட்டு முட்டுச் சத்தமும் ஓயாது. ஒன்றை மெச்ச வேண்டும். பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்க முன்னால் ஆளே இல்லை. பின்னால் இருப்பவர்கள் முறைத்தாலும் நமக்குத் தெரியாது.

அப்படியானால் நாலு மதிப்பெண் ஏன்? சாப்பாடு வந்தபோது பிள்ளையைத் தொட்டிலில் உட்கார்த்தினேன். கையில் பிளாஸ்டிக் டம்ளரைக் கொடுத்துவிட்டு, கோழிக்கறியும் சோறும் இரண்டு கையாலும் நிம்மதியாகத் தின்றேன். பால் கலக்கினேன். டயபர் மாற்றப் போகுமுன் தேவையானதை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்தேன். சட்டையில் பால் கக்கியபோது வேறு சட்டை மாற்றினேன். முதல் விமானத்தில் இதில் ஒன்றுகூட முடியவில்லை. மூக்கைச் சொறியவே அந்த அண்ணனின் தயவு வேண்டியிருந்தது.

பால் கலக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புட்டிப்பால் பிள்ளையைக் கொண்டு போகிற அப்பனுக்கு அதுதான் முக்கால் வேலை. பால்பொடி கிருமியில்லாத பொருள் அல்ல. அதனால் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கி, அப்புறம் ஆற வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. நர்ஸ் வீட்டில் அது வேதவாக்கு. தட்டு தட்டாகப் பிரிகிற டப்பாவில் ஒவ்வொரு வேளைக்கும் பொடியை வீட்டிலேயே அளந்து போட்டிருந்தேன். கழுவிக் கொதிக்க வைத்த பாட்டில்கள் தனித்தனிப் பையில். பணிப்பெண்ணிடம் சுடுவெள்ளம் கேட்டேன். அவர் கோட்டயத்துக்காரி, சிரித்துக்கொண்டே கொண்டு வந்தார். இன்னொரு டம்ளரில் ஐஸ் போட்ட தண்ணீரும் கேட்டு வாங்கினேன். பாட்டிலை அதில் முக்கி உருட்டினால் சீக்கிரம் ஆறும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பசித்து வீறிடுகிற பிள்ளைக்கு முன்னால் இந்த ஆறுகிற நேரம்தான் பயணத்திலேயே நீளமானது. அதனால் பசிக்கு முன்பே, பிள்ளை கைவிரலைச் சப்பத் தொடங்கும்போதே வெந்நீர் கேட்டுவிடுங்கள்.

டயபர் மாற்றும் பலகை எல்லாக் கழிப்பறையிலும் இராது, கதவில் குழந்தைப் படம் ஒட்டியிருக்கிறதில் மட்டும். கக்கூஸுக்கு மேலே மடிந்து இறங்குகிற பலகை அது. முதுகு வளைந்த நான், புரள்கிற பிள்ளை, ஆடுகிற விமானம். ஒரு கை எப்போதும் பிள்ளையின் வயிற்றில் இருக்க வேண்டும். இன்னொரு கையில் மொத்த வேலையும். உள்ளே நுழையும்போதே புது டயபரின் ஒட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு போங்கள்.

காற்றைப் பற்றி நான் பேசாமல் யார் பேசுவது. முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே வெளிக்காற்று மைனஸ் ஐம்பது டிகிரி வரை குளிர்ந்திருக்கும், அதில் ஈரம் என்பதே இராது. அந்தக் காற்றைத்தான் அழுத்தி, அதில் ஏறுகிற சூட்டை ஆற்றி உள்ளே விடுகிறார்கள். கேபினில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போகும். நம் ஊர் மழைக்காலக் காற்றில் வளர்ந்த பிள்ளைக்கு மூக்கும் உதடும் காய்ந்துவிடும். அடிக்கடி பால் கொடுப்பதும், உதட்டுக்கு வாஸ்லின் தடவுவதும் போதுமானது. கதவுக்குப் பக்கத்து வரிசை என்பதால் குளிரும் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. தடித்த ஸ்வெட்டர் ஒன்றைப் போடுவதைவிட, மெல்லிய பருத்திச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் தேவைக்குக் கழற்றலாம்.

எங்கள் அம்மை ஏத்தங்காய்ப் பொடி, அதாவது நேந்திரங்காய்ப் பொடி, இடித்துச் சலித்துக் கொடுத்திருந்தாள். கூடவே மட்டி வாழைப்பழமும். மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்கெல்லாம் முன்பிருந்தே நம் பக்கம் பிள்ளைக்கு முதல் பழம் அதுதான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பழம் கொண்டு போகத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், ஆனால் வாழைப்பழம், அன்னாசி, தேங்காய், பேரீச்சை, டுரியான் இந்த ஐந்துக்கும் வேண்டாம். யார் இந்தப் பட்டியலைப் போட்டார்களோ, குமரி மாவட்டத்துக்காரன் சார்பில் அவர்களுக்கு ஒரு கும்பிடு. பழத்தைக் கரண்டியால் மசித்துக் கொடுத்தேன், தொட்டிலின் வலைத்துணியிலும் கொஞ்சம் ஒட்டியது. பால்பொடியும் பிள்ளைச் சாப்பாடும் குளிர்சாதனம் தேவைப்படாததாக, கம்பெனி பாக்கெட்டில் இருந்தால் இரண்டு கிலோ வரை விடுவார்கள்.

தள்ள வேண்டிய யோசனைகள் இரண்டு. இருமல் வந்தால் மார்த்தாண்டம் தேன் ஒரு துளி நாக்கில் தடவு என்றாள் பெரியம்மா. தேன் நல்ல தேன்தான், ஆனால் ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சைக் குடலில் வளர்ந்து பாட்டுலிசம் என்ற நோயைக் கொண்டு வரலாம். இன்னொருவர், கிளம்புமுன் சளி மருந்து கொஞ்சம் கொடுத்தால் டப்ளின் வரை எழாது என்றார். தூங்க வைப்பதற்காக மருந்து கொடுப்பதை டாக்டர்கள் ஒப்புக்கொள்வதில்லை. சில பிள்ளைகள் அந்த மருந்துக்குத் தூங்காமல் இன்னும் துள்ளும் என்பதும் உண்டு. காய்ச்சலுக்கு டாக்டர் அளவு எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் சொட்டு மட்டும் கைப்பையில் இருந்தது. எடுக்க வேண்டி வரவில்லை.

காகிதங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையோடு வருகிறவரிடம் அயர்லாந்துக் குடியேற்ற அதிகாரிகள் உறவுக்கு ஆதாரம் கேட்பது உண்டு. தனியாக வருகிற ஆணிடம் கேட்காமல் விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், அம்மாவின் சம்மதக் கடிதம், அவளுடைய பாஸ்போர்ட் நகல், வேலைக் கடிதம், எல்லாம் ஒரே கோப்பில் மேலாக வைத்திருந்தேன். சம்மதக் கடிதத்தை மனைவி ஊரிலிருந்து கிளம்புமுன்பே தக்கலை கோர்ட் பக்கம் நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள். டப்ளினில் அந்த அதிகாரி பிறப்புச் சான்றிதழையும் கடிதத்தையும்தான் கேட்டார், படித்தார், பிள்ளையைப் பார்த்து ஏதோ சொன்னார், முத்திரை குத்தினார். கையில் பிள்ளையோடு நின்றபடி அஞ்சு நிமிஷம் பை துழாவுகிற நிலைமை வரவில்லை.

வண்டி, பெட்டிகளோடு வராமல் பெரிய சாமான்கள் வருகிற தனி பெல்ட்டில் வந்தது. ஒரு முன்சக்கரம் கழன்று பைக்குள் கிடந்தது, அதன் போல்ட்டைக் காணோம். இப்படி நேர்ந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வெளியே வருமுன் அங்கேயே உள்ள கவுண்டரில் சொல்லி, சேத அறிக்கை எழுதி வாங்க வேண்டும். சர்வதேசப் பயணத்தில் சாமான் சேதத்துக்கு, சாமான் கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும் என்பது மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் விதி. நான் படத்தோடு அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்ற பதிலையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டா அலைய முடியும்? இங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் எட்டு எம்எம் போல்ட்டும் நைலான் நட்டும் வாங்கி நானே மாட்டிவிட்டேன். கம்பெனி போட்டதைவிடக் கெட்டியாகத்தான் நிற்கிறது.